திருச்சி – சான் பிரான்சிஸ்கோ: ஒரே பயணத்துக்கு ஏன் இத்தனை தூரக் கணக்கு, இத்தனை நேரக் கணக்கு?

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ இருக்கும் பெற்றோர் அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளையைப் பார்க்கக் கிளம்பும்போது முதலில் குழம்புவது எண்களில்தான். திருச்சிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் தூரம் 14,200 கிலோமீட்டர் என்று இணையம் காட்டும். டிராவல்ஸில் கொடுத்த சிங்கப்பூர் வழித் திட்டத்தைக் கூட்டினால் 16,500ஐத் தாண்டும். டிக்கெட்டைப் பார்த்தால் புதன்கிழமை நள்ளிரவு 12.30க்கு ஏறி, அதே புதன் காலை 8.15க்கு இறங்குவதாக இருக்கும். பிள்ளையோ "இருபத்தோரு மணி நேரம் ஆகும்மா" என்று சொல்வான். திரும்பும்போது திங்கள் இரவு ஏறியவர்கள் புதன் மத்தியானம்தான் ஊர் வந்து சேருவார்கள்.

இந்த எண்களில் எதுவும் தப்பில்லை. ஒவ்வொன்றும் வேறொன்றை அளக்கிறது. எது எதை அளக்கிறது என்று பிரித்துப் பார்த்துவிட்டால் எந்த வழியில் டிக்கெட் எடுப்பது, வீட்டிலிருந்து எப்போது கிளம்புவது என்பதெல்லாம் தானாகத் தெளிவாகும்.

14,200 கிலோமீட்டர் என்பது எந்தத் தூரம்?

பூமி ஏறக்குறைய உருண்டை. சராசரி ஆரம் 6,371 கி.மீ. உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மிகக் குறுகிய வழியைப் பெருவட்டப் பாதை என்பார்கள். பூமியின் மையத்தோடு சேர்த்து அந்த இரண்டு ஊர்களையும் ஒரே வெட்டாக வெட்டினால், மேற்பரப்பில் விழும் கோடு அது. இணையத்தில் வரும் தூரம் பெரும்பாலும் இந்தக் கோட்டின் நீளம்தான். அந்த வட்டத்தில் ஒரு பாகை சுமார் 111.2 கி.மீ. திருச்சிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே 127.7 பாகை. பெருக்கினால் 14,200 வந்துவிடும்.

சுவரில் தொங்கும் தட்டையான உலகப் படத்தில் கோல் வைத்துக் கோடு இழுத்தால் இந்தப் பாதை கிடைக்காது. தட்டைப் படத்தில் வடக்கே போகப் போக நிலம் அகலமாக இழுக்கப்பட்டிருக்கும். திருச்சி இருக்கும் அட்சரேகையில் ஒரு தீர்க்கரேகைப் பாகையின் அகலம் 109 கி.மீ. சைபீரியாவின் வடகோடியில் அதே ஒரு பாகை 40 கி.மீ.தான். அங்கே போய்க் குறுக்கே கடப்பது அவ்வளவு லாபம்.

பள்ளிக்கூடத்துப் பூமி உருண்டையில் ஒரு நூலைத் திருச்சியில் பிடித்து, சான் பிரான்சிஸ்கோ வரை தொய்வில்லாமல் இழுத்துப் பாருங்கள். நூல் கிழக்கே கடல் பக்கம் போகாது, வடக்கே கிளம்பும். காஞ்சிபுரத்துக்குச் சற்று மேற்கே கடந்து, பாட்னாவின் மேல் போய், எவரெஸ்டுக்குக் கொஞ்சம் மேற்கே இமயமலையைத் தாண்டும். பிறகு திபெத், மங்கோலியா, ரஷ்யாவின் இர்குட்ஸ்க், கிழக்கு சைபீரியா. 69 பாகை வடக்கு வரை ஏறி, ஆர்க்டிக் வட்டத்துக்கு உள்ளே நுழைந்து, அலாஸ்காவின் ஆங்கரேஜ் ஊரை ஒட்டித் தெற்கே இறங்கும். டெல்டாவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குறுக்கு வழி இதுதான்.

அந்தக் குறுக்கு வழியில் ஏன் யாரும் பறப்பதில்லை?

1. ஓடுபாதை. திருச்சி விமான நிலைய ஓடுபாதையின் நீளம் சுமார் 2,480 மீட்டர். 2024 ஜூனில் செயல்பாட்டுக்கு வந்த புது முனையம் பயணிகளுக்கு இடம் கொடுத்தது, ஓடுபாதையை நீட்டவில்லை. 14,200 கி.மீ.யை ஒரே மூச்சில் பறக்கும் விமானங்கள் உலகில் இருக்கின்றன. போயிங் 777-200எல்ஆர் அப்படியொன்று. அதன் தொட்டி நிறைய எரிபொருள் போட்டால் சுமார் 1,81,000 லிட்டர். எடை 145 டன். இவ்வளவு சுமையோடு, அதுவும் சித்திரை வெயிலில், 2,480 மீட்டருக்குள் மேலெழும்ப முடியாது. காற்று சூடாக இருந்தால் அடர்த்தி குறையும். இறக்கை தூக்கும் விசையும் குறையும், எஞ்சின் தரும் உந்துவிசையும் குறையும். ஒப்பிட்டுப் பாருங்கள்: சென்னையின் முதன்மை ஓடுபாதை 3,658 மீட்டர். திருச்சியில் தினமும் ஏர்பஸ் 320, போயிங் 737 ரக விமானங்களையே பார்ப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தினமும் ஒரு பெரிய விமானத்தை நிரப்ப இங்கே ஆள் இருப்பார்களா என்பது தனிக் கேள்வி.

2. திபெத் பீடபூமி. உயரத்தில் பறக்கும்போது கேபினில் காற்றழுத்தம் போய்விட்டால், விமானி உடனே 3,000 மீட்டர் அளவுக்கு இறங்க வேண்டும். பயணிகளின் தலைக்கு மேலிருந்து விழும் முகமூடியில் ஆக்சிஜன் சுமார் கால் மணி நேரத்துக்குத்தான் வரும். திபெத்தில் தரையே சராசரியாக 4,500 மீட்டர் உயரம். இறங்க இடமில்லை. அதனால் அங்கே பறக்கத் தனி ஏற்பாடும் தப்பிக்கும் வழித்திட்டமும் வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் சுற்றிக்கொண்டு போய்விடுகின்றன.

3. மூடிய வான்வெளி. இதுதான் செய்திகளில் அடிபடுவது. 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய வான்வெளி அமெரிக்க, கனடிய, ஐரோப்பிய ஒன்றிய, பிரிட்டன் விமானங்களுக்கு இல்லை. இந்திய, வளைகுடா நிறுவனங்களுக்கு உண்டு. 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. ஒரு வாரத்துக்குள் இந்தியாவும் பதிலுக்கு மூடியது. இந்தத் தடை அந்தந்த நாட்டு விமானங்களுக்கு மட்டும்தான். எமிரேட்ஸுக்கோ சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கோ அது பொருந்தாது. அதனால்தான் டெல்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய விமானங்களுக்கு நேரம் கூடியது. வட அமெரிக்காவுக்குப் போன சில விமானங்கள் நடுவில் வியன்னா போன்ற ஐரோப்பிய நகரத்தில் இறங்கி எரிபொருள் போட வேண்டி வந்தது.

4. அவசரத்துக்கு இறங்க ஊர். இரண்டு எஞ்சின் விமானத்தில் ஒரு எஞ்சின் நின்றுவிட்டால், மற்றொன்றை வைத்து குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை எட்ட வேண்டும் என்பது விதி. பசிபிக்கிலும் ஆர்க்டிக்கிலும் பாதை வளைந்து வளைந்து போவதற்கு இதுவும் காரணம். துருவப் பக்கம் இன்னொரு கவலை, எரிபொருள் உறைவது. ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை வரம்பு மைனஸ் 47 பாகை. வெளியே அதைவிடக் குளிர்ந்த காற்றில் மணிக்கணக்காகப் பறந்தால் இறக்கைக்குள் இருக்கும் எரிபொருளும் மெல்லக் குளிரும். எல்லையை நெருங்கினால் விமானி கீழே இறங்குவார், அல்லது வேகத்தைக் கூட்டுவார்.

மூன்று வழிகள், மூன்று தூரங்கள்

டெல்டாக்காரருக்கு நடைமுறையில் இருப்பவை இவை. எல்லாமே பெருவட்டத் தூரம். உண்மையில் பறக்கும் தூரம் இன்னும் சில நூறு கிலோமீட்டர் கூடும்.

டெல்லி வழி: திருச்சி–டெல்லி சுமார் 1,985, டெல்லி–சான் பிரான்சிஸ்கோ சுமார் 12,380. மொத்தம் 14,365. நேர்க்கோட்டைவிட 165 கி.மீ.தான் அதிகம். கணக்குப்படி இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

துபாய் வழி: 2,940 + 13,020 = 15,960. துபாயிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போகும் பெருவட்டப் பாதை வடதுருவத்துக்கு 200 கி.மீ. பக்கத்தில் போகிறது. மேற்கே போய் ஏறினாலும் உண்மையில் வடக்கேதான் போகிறோம்.

சிங்கப்பூர் வழி: 2,980 + 13,590 = 16,570. மூன்றில் நீளமானது இது. ஆனாலும் அமெரிக்கா போகும் திசையில் இந்த வழி கெட்டுப்போவதில்லை. காரணம், காற்று.

நேரத்தைத் தீர்மானிப்பது தூரமல்ல, காற்று

விமானத்தின் வேகம் தரையை வைத்து அல்ல, சுற்றியுள்ள காற்றை வைத்து. நீண்ட தூரம் போகும் பெரிய விமானம் ஒலியின் வேகத்தில் 0.85 பங்கில் பறக்கும். அந்த உயரத்துக் குளிரில் இது மணிக்கு ஏறக்குறைய 900 கி.மீ. திருச்சிக்கு வரும் சிறிய விமானங்கள் 0.78 பங்கு; சுமார் 830 கி.மீ.

9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்றோட்டம் என்ற காற்று ஆறு ஓடுகிறது. மணிக்கு 150, 200 கி.மீ. வேகம் சாதாரணம். குளிர்காலத்தில் ஜப்பான் பக்கம் 300ஐயும் தாண்டும். ஒரு கணக்கு: 12,000 கி.மீ. தூரத்தைக் காற்றே இல்லாமல் 900 வேகத்தில் கடக்க 13 மணி 20 நிமிடம். 100 கி.மீ. பின்காற்று கிடைத்தால் 12 மணி நேரம். அதே 100 எதிர்காற்றானால் 15 மணி நேரம். பின்காற்றில் லாபம் 1 மணி 20 நிமிடம். எதிர்காற்றில் நஷ்டம் 1 மணி 40 நிமிடம். எதிர்காற்றில் மெதுவாகப் போவதால் அந்தக் காற்றுக்குள் அதிக நேரம் மாட்டிக்கொண்டிருக்கிறோம். அதனால் போக வரச் சேர்த்துப் பார்த்தால் காற்று எப்போதும் நஷ்டமே.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. ஏர் இந்தியாவின் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானம் முதலில் அட்லாண்டிக் வழியே மேற்கே போனது. தூரம் சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் அதைக் கிழக்கே திருப்பிப் பசிபிக் வழியே விட்டார்கள். தூரம் சுமார் 15,300 ஆனது. 1,400 கி.மீ. கூடியும், பயணம் பதினான்கரை மணி நேரத்தில் முடிந்தது. பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம். வழியெல்லாம் பின்காற்று.

சிங்கப்பூர் விமானமும் இதே காற்றைத்தான் பிடிக்கிறது. குளிர்காலத்தில் போகும்போது 14 மணி 45 நிமிடம் அளவில் முடிவது, திரும்பும்போது 17 மணி நேரத்தைத் தொடும். துபாய் வழியில் இந்த ஏற்றத்தாழ்வு இல்லை. போவதற்கும் வருவதற்கும் 16 மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். பாதை துருவத்தைத் தாண்டித் தெற்கு வடக்காகப் போவதால் மேல்காற்று குறுக்கேதான் வீசுகிறது.

ஒரு தவறான விளக்கம் பலரிடம் உண்டு: விமானம் மேலே நிற்க, பூமி கீழே சுழன்று ஊரைக் கொண்டுவந்துவிடும் என்று. அப்படியானால் மேற்கே போவதுதானே வேகமாக இருக்க வேண்டும்? நடப்பது நேர்மாறு. காற்று மண்டலம் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. தரையோடு ஒப்பிட்டால் மிஞ்சும் காற்றோட்டம் மட்டுமே விமானத்துக்கு லாபமும் நஷ்டமும்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் பறக்கும் நேரம் மட்டுமல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வாயிலிலிருந்து விமானத்தைப் பின்னுக்குத் தள்ளுவதில் தொடங்கி, இறங்கி வாயிலில் நிறுத்தும் வரை எல்லாம் அதில் சேரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதற்கும் வருவதற்கும் அரை மணி நேரம் போய்விடும். கொஞ்சம் கூடுதலாகவும் வைத்திருப்பார்கள். அரை மணி தாமதமாகக் கிளம்பியது சரியான நேரத்துக்கு வந்து நிற்பது அதனால்தான்.

கடிகாரம் செய்யும் குழப்பம்

திருச்சியிலிருந்து துபாயும் சிங்கப்பூரும் ஏறக்குறைய ஒரே தூரம். பறப்பதும் இரண்டுக்கும் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆனால் துபாய் டிக்கெட்டில் 5.00 – 7.40 என்றும், சிங்கப்பூர் டிக்கெட்டில் 5.00 – 11.35 என்றும் இருக்கும். துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். டிக்கெட்டில் எப்போதும் அந்தந்த ஊர் நேரம்தான்.

சான் பிரான்சிஸ்கோ குளிர்காலத்தில் நமக்கு 13½ மணி நேரம் பின்னால். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைப்பதால் 12½. கணக்குப் போடும் முறை ஒன்றே ஒன்று: இரண்டு நேரத்தையும் இந்திய நேரத்துக்கு மாற்றி, பிறகு கழியுங்கள். கணக்குக்காக ஒரு குளிர்காலப் பயணம்:

1. திருச்சியில் புறப்பாடு புதன் 00.30. சிங்கப்பூரில் இறங்குவது அந்த ஊர் நேரம் 07.05. பறந்தது 4 மணி 5 நிமிடம்.
2. சிங்கப்பூரில் காத்திருப்பு 2 மணி 25 நிமிடம். புறப்பாடு 09.30.
3. 14 மணி 45 நிமிடம் பறந்து சான் பிரான்சிஸ்கோவில் இறங்குவது புதன் 08.15. இந்திய நேரத்தில் புதன் இரவு 9.45.
4. ஆக 00.30 முதல் 21.45 வரை, 21 மணி 15 நிமிடம்.

நடுவே பசிபிக்கில் சர்வதேசத் தேதிக்கோட்டைக் கிழக்கே தாண்டியதால் ஒரு நாள் திரும்பக் கிடைக்கிறது. அதனால்தான் அதே புதன். திரும்பும்போது அந்த நாளைக் கொடுத்துவிட வேண்டும். திங்கள் இரவு 10.50க்கு ஏறி, 17 மணி நேரம் பறந்தால் சிங்கப்பூரில் புதன் காலை 7.50. அங்கே 10.20க்கு மாறினால் திருச்சியில் புதன் பகல் 12 மணி. உண்மையில் ஆனது 23 மணி 40 நிமிடம். டிக்கெட்டில் இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் +2 என்று போட்டிருந்தால், ஏறிய தேதிக்கு மறுநாளுக்கு மறுநாள் என்று அர்த்தம். அழைத்துவர வண்டி சொல்பவர்கள் இதைப் பார்க்காமல் செவ்வாய்க்கிழமையே போய் நிற்பதுண்டு.

வீட்டு வாசலிலிருந்து கணக்கு, தப்பு நடக்கும் இடங்கள்

மேலே சொன்ன 21 மணி சொச்சம் வாயிலிலிருந்து வாயில் வரை. கும்பகோணத்திலிருந்து திருச்சி விமான நிலையம் ஏறக்குறைய 100 கி.மீ.; பாபநாசம், அய்யம்பேட்டை வழியே வந்தால் ஊர்களுக்குள் வண்டி மெதுவாகத்தான் நகரும். இரண்டரை மணி நேரம் வையுங்கள். முகூர்த்த நாளானால் இன்னும் அரை மணி. நாகப்பட்டினத்திலிருந்து சுமார் 145 கி.மீ. விமான நிலையத்தில் மூன்று மணி நேரம், அந்தப் பக்கம் குடியேற்றச் சோதனையும் பெட்டியும் சேர்த்து ஒன்றரை மணி நேரம். வீட்டிலிருந்து வீடு 28, 29 மணி நேரம் ஆகும்.

சீர்காழி, மயிலாடுதுறைப் பக்கத்தவர்களுக்குச் சென்னை வழியும் பொருந்தும். சோழன், உழவன் ரயில்களில் தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம் வந்தால் எதிரிலேயே விமான நிலையம். இரண்டு பெரிய பெட்டிகளோடு வயதானவர்கள் போவதானால் தாம்பரத்திலேயே ஆட்டோவோ காரோ பிடிப்பதுதான் நல்லது.

தேதி விஷயத்தில் நடக்கும் தப்புதான் பணம் போகும் தப்பு. புதன் 00.30 என்றால் செவ்வாய் ராத்திரி. கும்பகோணத்திலிருந்து செவ்வாய் மாலை ஆறரைக்கெல்லாம் கிளம்பியிருக்க வேண்டும். புதன்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். டிக்கெட் வந்ததும் நாட்காட்டியில் விமானத்தின் தேதியைக் குறிக்காமல், வீட்டை விட்டுக் கிளம்பும் நாளையும் நேரத்தையும் குறித்துவிடுங்கள்.

அமெரிக்காவுக்குள் முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனையும் சுங்கமும் நடக்கும். அங்கிருந்து வேறு ஊருக்கு விமானம் மாறுவதாக இருந்தால், பெட்டி கடைசி ஊருக்கே போகும் என்று சீட்டு ஒட்டியிருந்தாலும் முதல் ஊரில் எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். அதனால் அங்கே மாறுவதற்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளியுள்ள டிக்கெட்டை எடுக்காதீர்கள். சிங்கப்பூரில் 1, 2, 3 முனையங்களுக்கு நடுவே ரயில் ஓடுகிறது; 4ஆவது முனையம் தனியே இருக்கிறது, பேருந்தில்தான் போக வேண்டும். எந்த முனையத்தில் இறங்கி எதில் ஏறுகிறோம் என்று டிக்கெட்டிலேயே பார்த்துவிடலாம்.

விலை குறைகிறதே என்று திருச்சி–சிங்கப்பூர் ஒரு நிறுவனத்திலும், அங்கிருந்து அமெரிக்கா இன்னொன்றிலும் தனித்தனியாக எடுப்பவர்கள் மூன்று விஷயத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். முதலாவது பெட்டி. ஒரே பி.என்.ஆர். இல்லாவிட்டால் பெரும்பாலும் சிங்கப்பூரில் வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். வெளியே வர இந்தியருக்கு விசா வேண்டும், அல்லது விசா இல்லாத டிரான்சிட் சலுகைக்கான நிபந்தனைகள் பொருந்த வேண்டும். இரண்டாவது எடை. அமெரிக்க டிக்கெட்டில் பொதுவாக 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி. திருச்சியிலிருந்து போகும் மலிவு விலை விமானத்தில் அவ்வளவு எடை வாங்கியிருக்க மாட்டீர்கள், கூடுதல் எடைக்குக் கவுண்ட்டரில் கட்ட வேண்டி வரும். மூன்றாவது தாமதம். ஒரே டிக்கெட்டானால், திருச்சி விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் மாற்று விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டானால் இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வரவில்லை, அவ்வளவுதான்; புது டிக்கெட்டைக் கைக்காசில் வாங்க வேண்டும். 2025 ஜூன் 23 அன்று கத்தார் திடீரென்று வான்வெளியை மூடியதைப் போல ஏதாவது நடக்கும் நாளில் இந்த வித்தியாசம் லட்ச ரூபாய்க்கு மேல் போகும். அப்படியும் தனித்தனியாகத்தான் எடுக்க வேண்டும் என்றால், நடுவில் ஆறு மணி நேரமாவது விட்டு எடுங்கள்.